ஸ்டெல்லாவா, சால்டிகாவா, முழுக்க சீல் போட்ட ரீலா?

கரைவலை
வணக்கம் மக்களே. கடலில் தூண்டில் போட நல்ல ஸ்பின்னிங் ரீல் (கோலில் மாட்டி நரம்பு சுற்றும் கருவி) ஒன்று வாங்கப் போகிறேன். ஒன்றுதான். அடுத்தது எப்போது வாங்க முடியும் என்று எனக்கே தெரியாது, அதனால்தான் இவ்வளவு யோசனை. பாதி நேரம் படகிலிருந்து பெரிய பாரை மீனுக்குப் பாப்பர் (நீர்மட்டத்தில் தண்ணீரைத் தெறிக்கவிடும் போலி இரை) வீசுவேன். மீதி நேரம் கரையோரப் பாறை மேல் நின்று, அலை இடுப்பில் வந்து மோதும் இடத்தில். நரம்பு பின்னல் வகை, அதாவது பிரெய்டு; தடிமன் பிஇ 8. மனசில் இருப்பவை மூன்று: ஷிமானோ ஸ்டெல்லா எஸ்டபிள்யூ 14000, டைவா சால்டிகா 14000, வான் ஸ்டால் விஎஸ் வரிசையில் பெரியதாக ஒன்று. முதல் இரண்டிலும் 25 கிலோ டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் போகாமல் இருப்பது முக்கியமா, சுற்றும்போது இருக்கும் சுகம் முக்கியமா, டிராக் முக்கியமா? கையில் வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று
தம்பி, பதிலை நீங்களே கேள்விக்குள் வைத்துவிட்டீர்கள். அலை இடுப்பில் மோதும் என்றால் வான் ஸ்டால். வேறு பேச்சே இல்லை. அமெரிக்காவில் மோன்டாக் பக்கம் வெட்சூட் போட்டுக்கொண்டு, கடலுக்குள் இருக்கும் பாறைக்கு நீந்திப் போய் ஏறி நின்று வீசுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நீந்தும்போது ரீலும் கூடவே மூழ்குகிறது. அந்த மாதிரி வேலைக்கென்று பேர் வாங்கிய ரீல் இது. கெட்டி அலுமினியத்தைக் கடைந்து எடுத்த உடம்பு, திறப்புள்ள இடமெல்லாம் சீல். பெயில் (நரம்பைப் பிடித்துச் சுற்றும் வளைந்த கம்பி) இல்லாத மாடலும் உண்டு. வீசும் வேகத்தில் பெயில் தானாக மூடி, நரம்பு படாரென்று அறுந்து, பாப்பர் மட்டும் தனியாகப் பறந்து போவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஸ்டெல்லா நல்ல ரீல்தான், இல்லை என்று சொல்லவில்லை. படகில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர்
நண்பர்களின் ரீல்களைப் பிரித்துச் சுத்தம் செய்வது எனக்குப் பொழுதுபோக்கு. மேசை மேல் வருவதில் முழுக்க சீல் போட்ட ரீல்கள்தான் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஏன் தெரியுமா? "தண்ணீர் போகாது" என்ற நம்பிக்கையில் சொந்தக்காரர் வருஷக்கணக்கில் திறக்கவே மாட்டார். சீல் என்பது ரப்பர். காயும், தேயும், ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் கோடு விழும். அதன் வழியாக ஒரு சொட்டு உள்ளே போனால், வெளியே வரவும் அதே சீல் விடாது. உப்புத்தண்ணீரைப் பூட்டிவைத்துக் காப்பாற்றுகிற வேலையை சீலே செய்யும்.

போன வாரம் ஒன்றைத் திறந்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். வெளியே பளபளப்பு, ஒரு கீறல் இல்லை. உள்ளே மெயின் ஷாஃப்டைச் சுற்றி கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. தண்ணீர் கலந்தால் கிரீஸ் அப்படித்தான் ஆகும். பேரிங்கைத் தொட்டால் விரலில் செம்பழுப்பாக ஒட்டியது.

அதனால் என் கட்சி: எளிதில் திறக்கக்கூடிய ரீல் எதுவோ அது. அந்த வகையில் ஸ்டெல்லா.

உப்புக்காற்று
அண்ணே, பராமரிக்காதவன் கையில் எந்த ரீலும் அழுகும். அது சீலின் குற்றமா? ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம். திறக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சீல் இருந்தால் அடிக்கடி திறக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். உங்கள் ஸ்டெல்லாவை அலையில் ஒரு தடவை முழுசாக முக்கினால், அன்றைக்கு ராத்திரியே மேசையில் பிரித்துப் போட வேண்டும்.

ஸ்பேனர்
முக்கினால் பிரிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டெல்லாவில் பாதுகாப்பே இல்லை என்பது போலப் பேசாதீர்கள். எக்ஸ் புரொடெக்ட் என்கிறார்களே, அது லைன் ரோலருக்கும் (நரம்பு திரும்பி ஓடும் சின்ன உருளை) ஒருவழிக் கிளட்சுக்கும் (கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுப்பது) தண்ணீர் போகும் பாதையை வளைந்து வளைந்து போக வைக்கிற அமைப்பு, கூடவே தண்ணீரை ஒட்டவிடாத பூச்சு. தெறிக்கும் தண்ணீருக்கு அது போதும். மூழ்குவதற்கு அல்ல.

ஆழம்
இரண்டு பேரும் சால்டிகாவை விட்டுவிட்டீர்கள். அதில் இருக்கிற மேக்சீல் இந்தச் சண்டைக்கே ஒரு பதில். காந்தத்தால் பிடித்து நிறுத்தப்படும் எண்ணெய்ப் படலம், சுழலும் பாகத்துக்கும் உடம்புக்கும் நடுவில் நிற்கிறது. ரப்பர் உரசல் கிடையாது, அதனால் சுற்றும்போது கனம் தெரியாது. தண்ணீரும் நுழையாது. இந்தக் காந்தத் திரவத்தின் கதையே சுவாரஸ்யம்: 1963இல் நாசாவில் ராக்கெட் எரிபொருளுக்காக யோசித்த சமாச்சாரம். எடையில்லாத இடத்தில் எரிபொருள் அங்கங்கே மிதக்காமல், காந்தத்தால் பம்பு வாய்க்கு இழுத்துவர முடியுமா என்று பார்த்தார்கள். அந்த வகைத் திரவம் இன்று மீன் ரீலில் சீலாக உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் மோனோகாக் உடம்பு. பக்கவாட்டு மூடியை நான்கு மூலையில் திருகு போட்டுப் பிடிப்பதற்குப் பதில், மூடியே முழு வட்டமாக மரை வெட்டி உடம்புக்குள் முறுக்கி இறங்குகிறது. திருகுகளுக்கு இடம் விடத் தேவையில்லை, அந்த இடத்தில் பெரிய மெயின் கியர் உட்காரும். பெரிய கியர் என்றால் பல்லின் மேல் விழும் சுமை குறையும். இதெல்லாம் விளம்பர வாசகம் இல்லை, திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்பேனர்
திறந்து பார்த்தால், சரி. எதை வைத்துத் திறப்பீர்கள்? அந்த மூடிக்குத் தனிச் சாவி வேண்டும். மேக்சீல் உள்ள இடத்தைப் பிரித்தால் அந்த எண்ணெய் போச்சு. சாதாரண எண்ணெயோ கிரீஸோ அதில் பட்டாலும் கெட்டுவிடும். மறுபடி அதை அளவாக விட வேண்டியது கம்பெனி சர்வீஸில்தான். கரைவலை தம்பிக்கு இருப்பது ஒரே ரீல். அது சர்வீஸுக்குப் போய்விட்டால் தம்பி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு பேரிங்குக்காக மாதக்கணக்கில் காத்திருந்த வேதனை எனக்குத் தெரியும் (அது வேறு கம்பெனி, வேறு கதை).

போதும்சாமி
மூன்று பேரும் உச்சாணிக் கிளையிலேயே உட்கார்ந்து பேசுகிறீர்கள். பென் ஸ்லாம்மர் IV என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டதுண்டா? ஐபிஎக்ஸ்6 தரத்துக்கு சீல், பித்தளை மெயின் கியர், கார்பன் டிராக் வாஷர். விலை இவற்றுக்குப் பக்கத்திலேயே வராது. அதே கம்பெனியின் அதாரிட்டி ரீல் ஐபிஎக்ஸ்8. ஷிமானோதான் வேண்டும் என்றால் ட்வின் பவர் எஸ்டபிள்யூ இருக்கிறது, 2021இல் வந்த மாடலில் ஸ்டெல்லாவின் இன்ஃபினிட்டி டிரைவே இருக்கிறது. மீனுக்கு ரீலின் பெயர் படிக்கத் தெரியாது சாமி.

உப்புக்காற்று
ஸ்லாம்மரை நானும் மதிக்கிறேன். ஆனால் ஐபிஎக்ஸ் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கரைவலை
அந்த எண்களுக்கு என்னதான் அர்த்தம்? 8 என்றால் 6ஐ விட மேல்தானே?

கணக்குப்பிள்ளை
அப்படி நேராக ஏணி மாதிரி இல்லை, எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். ஐபிஎக்ஸ்5 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாய் வாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சித் தாங்குகிறதா என்ற சோதனை. ஐபிஎக்ஸ்6க்கு 12.5 மில்லிமீட்டர் வாய், நிமிடத்துக்கு 100 லிட்டர். ஐபிஎக்ஸ்7 வேறு வகை: 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கி இருக்க வேண்டும். ஐபிஎக்ஸ்8 அதைவிடக் கடினமான மூழ்கல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே குறிப்பிட வேண்டும். மூழ்கித் தேறிய பொருள் பீய்ச்சலிலும் தேறும் என்று அர்த்தம் கிடையாது. இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்ணையும் போடுவார்கள்.

இதைவிட முக்கியமானது, சோதிப்பது நல்ல தண்ணீரில், புத்தம் புதுப் பொருளை. உப்பு உறைந்து படிகமாகி சீல் உதட்டை அறுப்பதோ, இரண்டு வருஷம் கழித்து ரப்பர் எப்படி இருக்கும் என்பதோ அந்த எண்ணில் இல்லை. கரையில் நின்று வீசுகிறவருக்கு அலை அடிப்பது 6இன் கணக்கு, தவறி விழுந்தால் 7, 8இன் கணக்கு. எண்ணே போடாத சில ரீல்கள் இரண்டையும் தாங்குகின்றன என்பதும் உண்மை.

போதும்சாமி
சரி, அப்படியானால் 25 கிலோ டிராக் என்பதும் காகிதக் கணக்குதானே? அதற்காக ஏன் இவ்வளவு காசு?

கணக்குப்பிள்ளை
25 கிலோ என்ற எண்ணே உங்களுக்குத் தேவைப்படாது. பிஇ 8 பிரெய்டு ஏறக்குறைய 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. டிராக்கை அதில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 11 முதல் 15 கிலோ. ஆடும் படகில் நின்றுகொண்டு 15 கிலோ இழுப்பைச் சும்மா கையால் தாங்கிப் பாருங்கள், அப்புறம் 25 கிலோ பற்றிப் பேசலாம்.

ஆனால் டிராக்கின் தரம் என்பது வேறு, அதற்குத்தான் காசு. இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது சூடு. 10 கிலோ டிராக்கில் ஒரு சூரை 100 மீட்டர் ஓடினால் டிராக்கில் வெப்பமாக மாறும் ஆற்றல் சுமார் 9,800 ஜூல். 150 கிராம் அலுமினிய ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) ஒரு டிகிரி சூடேற 135 ஜூல் போதும். சூடு வெளியே போகவே வழி இல்லை என்று வைத்துக்கொண்டால் 70 டிகிரிக்கு மேல் ஏறும். நிஜத்தில் கொஞ்சம் காற்றோடு போய்விடும், ஆனால் மீன் 100 மீட்டரோடு நிற்கப் போவதும் இல்லை. வாஷர் சூடாகும்போது பிடிமானம் மாறினால் டிராக் திடீரென்று இறுகும் அல்லது நழுவும். ஸ்டெல்லாவிலும் சால்டிகாவிலும் டிராக்குக்கு இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான்.

இரண்டாவது, ஸ்பூல் காலியாகும்போது நடப்பது. நீங்கள் திருகியைத் தொடாவிட்டாலும் டிராக் ஏறும். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 70 மில்லிமீட்டர் என்று வையுங்கள், நரம்பு போகப் போக 52க்கு வந்துவிட்டால் 10 கிலோ டிராக் 13.5 கிலோ ஆகிவிடும். இதை எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. தூரத்தில் மீன் ஓடும்போது டிராக்கைக் கூட்டுகிறவர்கள் நரம்பு அறுந்ததும் பிரெய்டைத் திட்டுவார்கள்.

ஆழம்
இந்தக் காரணத்துக்காகவே ஆழத்தில் ஜிக் (கனமான உலோகப் போலி இரை) அடிக்க நான் ஸ்பின்னிங்கையே தொடுவதில்லை. லீவர் டிராக் உள்ள ஓவர்ஹெட் ரீலில் (கோலின் மேலே உட்காரும், ஸ்பூலே சுற்றும் வகை) நரம்பு நேராக ஸ்பூலுக்குப் போகிறது, ரோலரில் திரும்பி முறுக்கேறும் தொல்லை இல்லை. அக்யூரேட் ரீல்களில் ஸ்பூலின் இரண்டு பக்கமும் டிராக் வாஷர். ஆனால் பாப்பர் வீச அது சரிப்படாது, அதனால் இங்கே இதோடு விடுகிறேன்.

கரைவலை
கியர் வேகம்? 14000இல் வேகமான எக்ஸ்ஜி எடுப்பதா, மெதுவான ஆனால் இழுவை பலமான பிஜி எடுப்பதா? எல்லோரும் எக்ஸ்ஜி என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
பாப்பருக்கு எக்ஸ்ஜி சரி, தளர்ந்த நரம்பைச் சட்டென்று அள்ள வேண்டும். ஆனால் அதற்குக் கூலி உண்டு. ஒரு சுற்றுக்கு 134 சென்டிமீட்டர் இழுக்கிற ரீல் என்று வையுங்கள். 75 மில்லிமீட்டர் கைப்பிடி ஒரு சுற்றில் போகும் தூரம் 47 சென்டிமீட்டர். ஆக நரம்பில் 5 கிலோ இழுவை இருக்கும்போது சுற்ற, கையில் 14 கிலோ வேண்டும், உரசலைச் சேர்க்காமலே. சுற்றுக்கு 95 சென்டிமீட்டர் இழுக்கிற ரீலில் 10 கிலோ போதும். அதனால் எக்ஸ்ஜியில் மீனை ரீலால் சுற்றி இழுக்கப் பார்க்காதீர்கள். கோலைத் தூக்கி மீனைக் கொண்டுவந்து, கோல் இறங்கும்போது மட்டும் சுற்றுங்கள்.

ஸ்பேனர்
இன்ஃபினிட்டி டிரைவ் உதவுவது இந்த "உரசலைச் சேர்க்காமலே" என்ற இடத்தில்தான். சாதாரண ரீலில் பினியனின் (மெயின் கியரோடு சேரும் சின்னப் பல்சக்கரம்) உள்பக்கம் மெயின் ஷாஃப்டோடு உரசிக்கொண்டே இருக்கும், சுமை கூடக் கூட உரசலும் கூடும். இதில் ஷாஃப்டைத் தாங்குவது தனிப் புஷ். சும்மா காற்றில் சுற்றிப் பார்க்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, மீன் மாட்டியபின் தெரியும். அதுதான் ட்வின் பவரிலும் இருக்கிறதே என்று போதும்சாமி கேட்பார். இருக்கிறது. அந்தப் பக்கம் அவர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை.

போதும்சாமி
பதிவேட்டில் எழுதி வையுங்கள், ஸ்பேனர் அண்ணே ஒப்புக்கொண்டார்!

ஸ்பேனர்
ட்வின் பவர் விஷயத்தில் மட்டும். உங்கள் ஸ்லாம்மரின் பித்தளைக் கியர் பலமானது, உப்பையும் தாங்கும், சரி. ஆனால் கனம். நாள் முழுக்கப் பெரிய பாப்பரை வீசி, இழுத்து, மறுபடி வீசி... மதியத்துக்கு மேல் தோள்பட்டை பதில் சொல்லும். பேரிங் எண்ணிக்கையை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். கடல் ரீலில் ஒவ்வொரு கூடுதல் பேரிங்கும் துருப்பிடிக்க இன்னும் ஓர் இடம்.

உப்புக்காற்று
கனத்தைப் பற்றி சொல்வதானால் வான் ஸ்டாலும் இலேசு இல்லை, கியரும் மெதுவானதுதான். பாப்பரை வேகமாக இழுக்க அது தோதில்லை என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் தம்பி பாறையில் வழுக்கி விழுந்தால் அந்தக் கனம்தான் கைகொடுக்கும்.

ஆழம்
வழுக்கி விழுந்தால் ரீலையா பார்ப்பீர்கள்?

உப்புக்காற்று
முதலில் ரீலைத்தான்.

கரைவலை
எதை வாங்கினாலும் முதலில் போவது எந்த பாகம்? அதையாவது எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள்.

ஸ்பேனர்
லைன் ரோலர். இதில் கட்சியே கிடையாது. நனைந்த பிரெய்டு ஒவ்வொரு சுற்றிலும் உப்புத்தண்ணீரைக் கொண்டுவந்து அதன் மேல்தான் பிழிகிறது. ரீலிலேயே மிகச் சின்ன பேரிங், மிக அதிக வேலை. போகத் தொடங்கியதும் சுற்றும்போது ஒரு கீச்சு வரும், அல்லது சத்தமே இல்லாமல் ரோலர் நின்றுபோய் பிரெய்டு அதன் மேல் உரசி ஓடும். நின்ற ரோலரில் ஒரே இடத்தில் கோடு விழுந்திருக்கும், நகத்தை வைத்து வருடினால் தட்டும். அந்தக் கோடுதான் பிரெய்டை அறுக்கும்.

கடலிலிருந்து வந்ததும் நரம்பைக் கொஞ்சம் இழுத்து ரோலர் மேல் போட்டு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ரோலர் நரம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பெயில் கையில் இருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு கழற்றுங்கள், வாஷர்கள் அரிசி நொய் அளவு. எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையில் போனில் படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். சால்டிகாவில் அந்த பேரிங்கும் மேக்சீல், அதில் எண்ணெய் விடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கழுவும்போது டிராக்கை இறுக்கி மூடிவிட்டு மெல்லிய தண்ணீரில் காட்டுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளுவீர்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் வாஷர் அழுந்தியே கிடக்கும். ஒருவழிக் கிளட்சில் கெட்டி கிரீஸ் வேண்டவே வேண்டாம். உருளைகள் ஒட்டிக்கொண்டு, மீன் அடிக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் சுற்றி விரல் முட்டியில் அடிக்கும்.

உப்புக்காற்று
கழுவும் விஷயத்தில் அண்ணன் சொல்வதுதான் சரி. சீல் உள்ள ரீலுக்கும் அதே முறைதான்.

கணக்குப்பிள்ளை
கடையில் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து "ஆஹா, பட்டு மாதிரி" என்று வாங்கிவிடாதீர்கள் கரைவலை. நரம்பு ஏற்றி, கோல் வளையங்கள் வழியாக விட்டு, டிராக்கை 10 கிலோவில் வைத்து, தராசைக் கட்டி ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். நகரத் தொடங்கும்போது தராசு எவ்வளவு காட்டுகிறது, ஓடும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நல்ல டிராக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். 13இல் கிளம்பி 10க்கு இறங்கினால், எத்தனை கிலோ எழுதியிருந்தாலும் அந்த ரீல் வேண்டாம்.

கரைவலை
நன்றி மக்களே. தலை சுற்றினாலும் பாதி தெளிந்துவிட்டது. 25 கிலோ என்ற எண்ணை மறந்துவிட்டேன். திறந்து பார்க்கிற ஆர்வம் எனக்கு உண்டு, சர்வீஸுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பொறுமை இல்லை. எனவே சால்டிகா மனசில்லாமல் வெளியே போகிறது. இப்போதைக்கு எண்ணம் இப்படி: ட்வின் பவர் எஸ்டபிள்யூ 14000 எக்ஸ்ஜி படகுக்கு. மிச்சமாகும் காசைச் சேர்த்துவைத்து, கரைக்கென்று சீல் போட்ட ஸ்லாம்மர் ஒன்று.

உப்புக்காற்று
ஒரே ரீல்தான் வாங்க முடியும் என்று சொன்னது யார்?

போதும்சாமி
விடுங்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தம்பி, ஸ்லாம்மர் எடுக்கும்போது சொல்லுங்கள். எந்த அளவு உங்கள் கோலுக்குச் சரிப்படும் என்று பார்க்கலாம். கோல் என்ன நீளம்?

ஆழம்
சால்டிகாவை ஒரு நாள் என் படகில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்பேனரைக் கூட்டி வராதீர்கள்.